ஸனேலே முஹோலியின் படங்கள்: எதிரே நிற்பவரின் பெயர் என்ன?

#1 இருட்டறைக்காரன்

வணக்கம் நண்பர்களே. இந்தப் பிரிவில் உருவப்படம் எடுப்பவர்கள் நிறைய பேர் இருக்கிறோம். லென்ஸ், சன்னல் வெளிச்சம், பின்னணித் துணி என்று பேசியே இழைகள் முடிந்துவிடுகின்றன. இன்று வேறு ஒன்று பேச வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் ஸனேலே முஹோலி என்று ஒருவர். 1972இல் டர்பனை ஒட்டிய உம்லாஸியில் பிறந்தவர். ஜோகன்னஸ்பர்கில் டேவிட் கோல்ட்பிளாட் தொடங்கிய மார்க்கெட் போட்டோ வொர்க்‌ஷாப்பில் படித்தவர். கறுப்பின லெஸ்பியன் பெண்களையும் திருநம்பிகளையும் 2006லிருந்து கறுப்பு வெள்ளையில் எடுத்துவருகிறார். வரிசையின் பெயர் 'ஃபேசஸ் அண்ட் ஃபேசஸ்'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே சொல்லாகிவிடுவதால் நான் 'முகங்களும் கட்டங்களும்' என்று சொல்லிக்கொள்கிறேன். கட்டம் என்றால் வாழ்க்கையின் கட்டம். படங்கள் 500ஐத் தாண்டிவிட்டன. முஹோலி தன்னைக் கலைஞர் என்பதைவிடக் காட்சிச் செயல்பாட்டாளர், அதாவது படங்களால் உரிமைக்குப் போராடுபவர் என்று சொல்வதையே விரும்புகிறார்.

படங்களில் வித்தை எதுவும் இல்லை. பெரும்பாலும் இடுப்புக்கு மேலே, பகல் வெளிச்சம், வெறும் சுவர் அல்லது பூப்போட்ட துணி. எதிரே நிற்பவர் நம்மை நேராகப் பார்க்கிறார். சிரிப்பதில்லை, கெஞ்சுவதில்லை. கேமரா அவர் கண் உயரத்தில் இருக்கிறது. தலைப்பு இப்படி இருக்கும்: 'புசி சிகாசா, பிராம்ஃபோன்டைன், ஜோகன்னஸ்பர்க், 2006'. பெயர், இடம், ஆண்டு. அவ்வளவுதான்.

அந்தத் தலைப்புதான் என்னைத் தூங்க விடவில்லை. காரணம் சொல்கிறேன். 2011 சித்திரையில் நான் கூவாகம் போனேன். இரண்டு நாளில் 1,400 படம். தாலி கட்டிக்கொள்வது, மறுநாள் வளையல் உடைப்பது, ஒப்பாரி எல்லாம் எடுத்தேன். இரண்டு போட்டியில் பரிசும் வந்தது. போன வாரம் அந்த வன்தட்டைத் திறந்து பார்த்தேன். 1,400 படத்தில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. கோப்பு எண்தான் இருக்கிறது. அழுதுகொண்டிருந்த ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டடி தூரத்தில் ஃபிளாஷ் அடித்திருக்கிறேன்.

முஹோலியின் படங்களைப் பார்த்த பிறகு அந்த 1,400ஐ என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு உருவப்படம் எப்போது எதிரே நிற்பவர் பக்கம் நிற்கிறது? இதைப் பற்றி யோசித்தவர்கள் எழுதுங்கள்.

#2 பேனாமுனை

முஹோலியின் துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் எனக்கு ஒரு கவலை உண்டு, அதைச் சொல்லாமல் பாராட்ட முடியவில்லை.

யூடி சிமெலானே தென்னாப்பிரிக்கப் பெண்கள் கால்பந்து அணியான பன்யானா பன்யானாவில் ஆடியவர். தான் லெஸ்பியன் என்று ஒளிக்காமல் வாழ்ந்தவர். 2008 ஏப்ரலில் தன் ஊரான க்வாதேமாவில் கொல்லப்பட்டார். 'சரிசெய்கிறோம்' என்ற பெயரில் லெஸ்பியன் பெண்கள் மீது பாலியல் வன்முறை நடக்கும் நாடு அது. அங்கே ஒருவரின் முகம், பெயர், ஊர் மூன்றையும் சேர்த்துச் சுவரில் மாட்டுவது அவருக்குப் பாதுகாப்பா? எடுத்தவர் விமானம் ஏறிவிடுவார். படத்தில் இருப்பவர் அதே தெருவில்தான் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டும்.

செய்தித்தாளில் 18 ஆண்டு வேலை பார்த்தவன். ஒரு பெயரை வெளியிட்டதால் ஒரு குடும்பம் ஊரை விட்டே போனதைப் பார்த்திருக்கிறேன். அந்த நினைவில்தான் கேட்கிறேன்.

#3 தென்கடல்

நான் டர்பன் துறைமுகத்தில் நான்கு ஆண்டு வேலை பார்த்தேன். தங்கியது சாட்ஸ்வொர்த்தில். 1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் கொள்ளுப்பேரர்கள் நிறைய பேர் அங்கே இருக்கிறார்கள். நிறவெறி அரசு 1960களில் இந்தியர்களை நகரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து போட்ட இடம். தெற்கே உம்லாஸ் ஆறு, அதைத் தாண்டினால் உம்லாஸி. அது கறுப்பினத்தவருக்கு ஒதுக்கிய இடம். என்னோடு வேலை பார்த்த பாதிப் பேர் உம்லாஸிக்காரர்கள். முஹோலி அந்த மண்.

பேனாமுனை அண்ணா சொன்ன பயம் நியாயமானது. ஆனால் அந்த நாட்டில் காகிதத்துக்கும் தெருவுக்கும் எவ்வளவு தூரம் என்பதையும் பார்க்க வேண்டும். 1996 அரசமைப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பாலீர்ப்பின் அடிப்படையில் யாரையும் பாகுபடுத்தக் கூடாது என்கிறது. 2006 நவம்பர் 30இல் ஒருபால் திருமணம் சட்டமானது. ஆப்பிரிக்காவிலேயே முதல் நாடு, உலகத்தில் ஐந்தாவது.

அதே 2006 பிப்ரவரியில் கேப் டவுனின் கயேலிட்ஷாவில் சொலிஸ்வா ந்கோன்யானா என்ற 19 வயதுப் பெண்ணை, லெஸ்பியன் என்பதற்காக, அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கூட்டம் அடித்துக் கொன்றது. வழக்கு தள்ளித் தள்ளிப் போய், தண்டனை வர 2012 ஆகிவிட்டது.

'முகங்களும் கட்டங்களும்' தொடங்கியதும் அந்த 2006தான். சட்டம் வந்த ஆண்டு, கொலை நடந்த ஆண்டு, முதல் படம் எடுத்த ஆண்டு மூன்றும் ஒன்று. சட்டத்தில் இருக்கும் 'யாரும்' என்ற சொல்லுக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

#4 மஞ்சரி_தி

இழையைத் தொடங்கியவருக்கு நன்றி. நான் திருநங்கை. கூவாகத்துக்கு 9 தடவை போயிருக்கிறேன். உங்கள் 1,400இல் நானும் எங்காவது இருக்கலாம். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேனாமுனை கேட்ட கேள்விக்கு முஹோலியின் வேலையிலேயே பதில் இருக்கிறது. 'முகங்களும் கட்டங்களும்' அவருடைய முதல் வரிசை அல்ல. அதற்கு முன்னால், 2002லிருந்து 2006 வரை, 'பாதிப் படம் மட்டுமே' என்று பொருள்படும் ஒரு வரிசை செய்தார். 2002இல்தான் பெண்கள் அதிகாரமளிப்புக்கான மன்றம் என்ற அமைப்பைத் தோழிகளோடு சேர்ந்து தொடங்கியிருந்தார். கறுப்பின லெஸ்பியன் பெண்களுக்கான அமைப்பு. வன்முறைக்கு ஆளானவர்கள் அங்கே வந்து பேசுவார்கள். அவர்களைப் படம் எடுக்கும்போது முஹோலி முகத்தைக் காட்டவில்லை. ஒரு படத்தில் இடுப்பிலிருந்து முழங்கால் வரைதான் தெரியும். கோத்து வைத்த இரண்டு கை. தொடையில் ஒரு நீளமான பழைய தழும்பு. முகம் இல்லாததால் அது யாருடைய உடம்பு என்று நமக்குத் தெரியாது. அந்தப் பெண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டியிருந்தது, கிடைத்தது.

அப்புறம்தான் முகங்கள் வந்தன. முகம் காட்ட விரும்பியவர்கள் வந்து நின்றார்கள். இந்த வரிசைக்கிரமம் முக்கியம். எடுத்தவுடன் யாரையும் வெளிச்சத்தில் இழுத்து நிறுத்தவில்லை. படத்தில் இருப்பவர்களைப் 'பங்கேற்பாளர்கள்' என்றுதான் முஹோலி எப்போதும் சொல்வார். எப்படி நிற்பது, என்ன உடுத்துவது, எங்கே எடுப்பது என்பதில் அவர்களுக்கும் சொல் உண்டு.

முதல் படம் புசி சிகாசாவுடையது. கவிஞர், செயல்பாட்டாளர். தனக்கு நடந்த கொடுமையைத் தானே மேடையில் பேசியவர். படம் எடுத்த அடுத்த ஆண்டு, 2007இல் இறந்துபோனார். அந்த ஒரு படம் இல்லையென்றால் இன்று நாம் அவர் பெயரைத் தமிழில் தட்டச்சு செய்துகொண்டிருக்க மாட்டோம்.

பாதுகாப்பு பற்றி ஒன்று. எங்களை அடிப்பவனுக்கு எங்கள் முகமும் வீடும் ஏற்கெனவே தெரியும். தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் பத்திரிகைக்கும்தான். "அடையாளம் தெரியாத திருநங்கை சடலம்" என்று நீங்கள் வேலை பார்த்த தொழிலில் எத்தனை முறை அச்சாகியிருக்கிறது, அண்ணா? உங்களைக் குற்றம் சொல்லவில்லை. பெயர் இருப்பதும் ஒரு பாதுகாப்புதான் என்று சொல்ல வருகிறேன்.

#5 பேனாமுனை

மஞ்சரி, அந்தத் தலைப்பை நானே போட்டிருக்கிறேன். விசாரிக்க ஒரு ஆளை அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. முதல் வரிசையில் முகம் காட்டவில்லை என்பதும் எனக்குத் தெரியாது. என் கேள்வியைப் பாதி திரும்பப் பெறுகிறேன். மீதிப் பாதியை அப்புறம் கேட்கிறேன்.

#6 ஐஎஸ்ஓ400

ஒளியைப் பற்றி நான் எழுதுகிறேன், அது என் பக்கம்.

நம்மில் மூத்தவர்கள் ஃபிலிம் லேபில் வேலை பார்த்திருந்தால் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் அச்சிட்ட அட்டையைப் பார்த்திருப்பீர்கள். 'ஷெர்லி கார்டு' என்பார்கள். அந்தத் தோல் நிறம் சரியாக வந்தால் அச்சு சரி. கலர் ஃபிலிமே வெளுத்த தோலுக்கு ஏற்றபடிதான் பல ஆண்டு தயாரானது. கறுத்த முகம் சேறு பூசியதுபோல் வரும், பல்லும் கண்ணும் மட்டும் தனியாக மிதக்கும். நம் ஊர்க் கல்யாண ஆல்பங்களில் பவுடரை அப்பி, ஃபிளாஷை ஏற்றி, மாப்பிள்ளையை வெளுப்பாக்கியதெல்லாம் இதன் தொடர்ச்சிதான்.

தென்னாப்பிரிக்காவில் இது இன்னும் கொடுமையான இடத்துக்குப் போனது. நிறவெறி ஆட்சியில் கறுப்பினத்தவர் 16 வயதிலிருந்து பாஸ்புத்தகம் வைத்திருக்க வேண்டும். தெருவில் போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் சிறை. அதில் ஒரு படம் ஒட்டியிருக்கும். 1970இல் அமெரிக்காவில் போலராய்டு நிறுவனத்தில் வேலை பார்த்த கரோலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கறுப்பின ஊழியர்கள், தங்கள் நிறுவனத்தின் கருவி அந்தப் பாஸ்புத்தகப் படங்களுக்குப் பயன்படுவதைக் கண்டு போராடத் தொடங்கினார்கள். 1977இல்தான் போலராய்டு அந்த நாட்டை விட்டு வெளியேறியது.

ஆக, அந்த மண்ணில் கறுப்பினத்தவரை நேராக நிற்க வைத்து, கேமராவைப் பார்க்கச் சொல்லி, பெயரும் இடமும் எழுதி எடுக்கும் படத்துக்கு முன்பே ஒரு வரலாறு இருக்கிறது. அது அடக்குவதற்காக எடுத்த படம். அதே நேர்ப்பார்வை, அதே பெயர், அதே இடம். முஹோலி அந்த வடிவத்தை எடுத்து, நிற்பவர் கையில் திருப்பிக் கொடுத்திருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. இது என் வாசிப்பு. தவறென்றால் சொல்லுங்கள்.

அடுத்து 'சோம்ன்யாமா ந்கோன்யாமா'. ஜூலு மொழியில் 'வாழ்க, கரிய பெண்சிங்கமே' என்று பொருள். 2012லிருந்து முஹோலி தன்னையே எடுக்கும் வரிசை. இதில் அவர் அச்சில் கான்ட்ராஸ்டை ஏற்றித் தன் தோலை இருப்பதைவிடக் கறுப்பாக்குகிறார். மையால் எழுதியதுபோல் கறுப்பு. நாமெல்லாம் வாடிக்கையாளர் கேட்காமலே இரண்டு புள்ளி வெளிச்சம் ஏற்றிக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறோம். ஸ்லைடரை அந்தப் பக்கம் இழுத்த ஒருவரை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. போன மாதம் ஒரு நிச்சயதார்த்தப் படத்தைத் தோல் நிறத்தைத் தொடாமல் கொடுத்தேன். பெண்ணின் அம்மா திருப்பி அனுப்பிவிட்டார். பெண் மட்டும் தனியாக ஃபோன் செய்து, அந்தப் பழைய கோப்பையே கொடுங்கள் என்றாள்.

#7 கல்யாணி டீச்சர்

ஒரு சின்னச் சந்தேகம். முஹோலியைப் பற்றி ஆங்கிலத்தில் படிக்கும்போது 'அவன்', 'அவள்' இரண்டையும் தவிர்த்து எழுதுகிறார்கள். நீங்கள் எல்லோரும் 'அவர்' என்கிறீர்கள். அது மரியாதைக்காகவா, இல்லை அதற்காகவா?

#8 மஞ்சரி_தி

இரண்டுக்கும் சேர்த்துத்தான், டீச்சர். முஹோலி தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ குறிக்க வேண்டாம் என்கிறார். ஆங்கிலத்தில் அதற்காக ஒரு பன்மைச் சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். நமக்கு 'அவர்' தயாராக இருக்கிறது. முஹோலியின் தாய்மொழியான ஜூலுவிலும் அவன், அவள் என்ற பிரிவே கிடையாது. பிறந்த மொழியில் இல்லாத கேள்வியை ஆங்கிலம்தான் அவரிடம் கேட்கிறது.

எனக்கு 'அவர்' வர 26 வயதானது. அதற்கு முன்னால் 'அது'.

#9 பேனாமுனை

என் கேள்வியின் மீதிப் பாதி. இந்தப் படங்கள் 2012இல் ஜெர்மனியின் டாக்குமென்டா கலைக் கண்காட்சியில், 2013இல் வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சியில், அப்புறம் 2020 நவம்பரில் லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் தொங்கின. காலரிகள் விற்கின்றன, சேகரிப்பாளர்கள் வாங்குகிறார்கள். டவுன்ஷிப்பில், அதாவது நிறவெறி ஆட்சி கறுப்பினத்தவருக்கு ஒதுக்கிய குடியிருப்பில், தகரக் கொட்டகையில் இருக்கும் பெண்ணின் முகம் லண்டன் சுவரில் இருப்பதால் அவளுக்கு என்ன கிடைத்தது? பணத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது.

#10 தென்கடல்

அண்ணா, பணக் கணக்கு என்னிடம் இல்லை, அதனால் அதைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முஹோலி படம் எடுப்பதோடு கேமராவையும் கையில் கொடுக்கிறார். டவுன்ஷிப் பெண்களுக்குப் படம் எடுக்கவும் எழுதவும் பயிற்சி தந்துவருகிறார். 'இன்கன்யிசோ' என்று ஓர் அமைப்பை 2009இல் தொடங்கினார். ஜூலுவில் வெளிச்சம் என்று அர்த்தம். அதன் இணையதளத்தில் கல்யாணம், சவ அடக்கம், பிறந்தநாள், நீதிமன்ற வாசல் எல்லாவற்றையும் அந்தச் சமூகத்தவரே பதிவு செய்தார்கள். 2017இல் நியூயார்க்கில் பெர்ஃபார்மா என்ற நிகழ்த்துகலை விழாவுக்கு அழைத்தபோது தனியாகப் போகவில்லை, தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு கூட்டத்தையே கூட்டிக்கொண்டு போனார்.

லண்டன் சுவர் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 2009 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்கின் கான்ஸ்டிடியூஷன் ஹில்லில் பெண் கலைஞர்களின் கண்காட்சி ஒன்று. பழைய சிறைச்சாலை வளாகம், இன்று அரசமைப்பு நீதிமன்றம் இருக்கும் இடம். திறந்துவைக்க வந்த கலை பண்பாட்டு அமைச்சர் லுலு சிங்வானா, முஹோலியின் படங்களைப் பார்த்துவிட்டுப் பேசாமலே வெளியேறிவிட்டார். இரண்டு பெண்கள் அணைத்துக்கொண்டிருக்கும் படங்கள் அவை. ஒழுக்கக்கேடு, தேசத்தைக் கட்டும் வேலைக்கு எதிரானது என்று பிறகு சொன்னார். 9ஆம் பிரிவைக் காக்கும் நீதிமன்றம் அதே வளாகத்தில், நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது.

அப்புறம் 2012 ஏப்ரலில் கேப் டவுனில் முஹோலியின் வீட்டில் திருட்டு. 20க்கும் மேற்பட்ட வன்தட்டுகள் போயின. ஐந்து ஆண்டு உழைப்பு. கொல்லப்பட்டவர்களின் இறுதிச் சடங்குப் படங்களும் அதில் இருந்தன. இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இறந்தவர்களை இன்னொரு தடவை எடுக்க முடியாது.

இத்தனைக்கும் அப்புறம் அவர் படங்களை ஒரே இடத்தில் வைக்காமல் உலகத்தில் எத்தனை சுவர் கிடைக்குமோ அத்தனையிலும் வைத்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

#11 பேனாமுனை

வன்தட்டு விஷயம் தெரியாது. பணத்தைப் பற்றிய கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் பயிற்சி கொடுத்ததைப் பற்றி நீங்கள் சொன்னது என் கேள்வியை வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறது. அந்தப் பெண்கள் எடுத்த படங்கள் எந்தச் சுவரில் தொங்குகின்றன என்றுதான் நான் கேட்டிருக்க வேண்டும்.

#12 ஐஎஸ்ஓ400

இதே போட்டோ வொர்க்‌ஷாப்பில் படித்த சபேலோ ம்லாங்கேனியின் 'கன்ட்ரி கேர்ள்ஸ்' வரிசையையும் பாருங்கள். ம்புமலங்கா மாகாணத்துச் சின்ன ஊர்களில் வாழும் தன்பாலீர்ப்பு ஆண்களின் வாழ்க்கை. அலங்காரம், அழகுப்போட்டி, முடிதிருத்தகம், நண்பர்கள். வன்முறைச் செய்தியை மட்டும் படித்துவிட்டு வருபவர்களுக்கு அது தேவை.

#13 மஞ்சரி_தி

ஐஎஸ்ஓ400 கடைசியாகச் சொன்னதைப் பிடித்துக்கொள்கிறேன். முஹோலியிடமும் அது உண்டு. 'பீயிங்' வரிசையில் இரண்டு பெண்கள் தகரத் தொட்டியில் ஒருவரையொருவர் குளிப்பாட்டிக்கொள்வார்கள். 2014இல் தொடங்கிய 'பிரேவ் பியூட்டீஸ்' வரிசையில் திருநங்கைகள் அழகிப்போட்டிக் கச்சையோடு நிற்கிறார்கள். அழுகை இல்லை. எங்களை அழும்போது மட்டும்தான் படம் எடுக்க வருவார்கள் என்று நினைத்து வளர்ந்தவள் நான். அந்தக் கச்சைப் படங்கள் எனக்குத் தந்தது கொஞ்சம் அல்ல.

'சோம்ன்யாமா'வில் எனக்குப் பிடித்தது 'பெஸ்டர்' படங்கள். பெஸ்டர் முஹோலியின் அம்மா. ஒரு வெள்ளைக் குடும்பத்தில் 40 ஆண்டுகளுக்கும் மேல் வீட்டு வேலை செய்தவர். மயோட் தீவில் 2015இல் எடுத்த ஒன்றில் முஹோலி துணி காயப்போடும் கிளிப்புகளைத் தலையில் கிரீடம்போலக் குத்தியிருக்கிறார், காதிலும் அதுவே தோடு. தூரத்திலிருந்து பார்த்தால் ராணி. கிட்டே போனால் அம்மாவின் வேலைச் சாமான். என் அம்மாவும் நாலு வீட்டில் வேலை பார்த்தவர். வீட்டைவிட்டு என்னைத் துரத்தியபோதும் தலைமாட்டில் ஒரு டப்பா சோறு வைத்திருந்தார். அதற்கு மேல் இங்கே எழுத முடியவில்லை.

இருட்டறைக்காரரே, நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 'முகங்களும் கட்டங்களும்' படங்களைச் சுவரில் வரிசை வரிசையாக மாட்டும்போது நடுவே சில இடங்கள் காலியாக இருக்கும். இப்போது இல்லாதவர்களுக்கான இடம், இனிமேல் எடுக்க வேண்டியவர்களுக்கான இடம். அதேபோல் சிலரை ஆண்டுகள் கழித்து மறுபடி போய் எடுத்திருக்கிறார். தலைமுடி மாறியிருக்கும், உடம்பு மாறியிருக்கும், சிலருக்குப் பெயரே மாறியிருக்கும். திரும்பிப் போனால்தான் 'கட்டம்' தெரியும்.

உங்கள் வன்தட்டை அழிக்காதீர்கள். கொண்டுவாருங்கள். எங்கள் ஜமாத்தில், அதாவது திருநங்கைகள் கூட்டமைப்பில், பெரியவர்கள் இருக்கிறார்கள், பார்த்தால் பெயர் சொல்வார்கள். யாருக்கு என்ன வேண்டுமோ அவர்களே முடிவு செய்யட்டும்.

#14 இருட்டறைக்காரன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

மஞ்சரி அக்கா சொன்னபடி போனேன். முதலில் 60 படம் மட்டும் சின்ன அளவில் அச்சிட்டு எடுத்துப்போனேன். ஒரு வீட்டுத் திண்ணையில் பாயில் பரப்பி வைத்தோம். 60இல் 23 பேரின் பெயர் கிடைத்தது. அதில் நான்கு பேர் இப்போது இல்லை. அவர்கள் படங்களைப் பெரியவர்கள் வாங்கித் தனியாக எடுத்துவைத்துக்கொண்டார்கள். ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் யாரோடும் பேசவில்லை.

பரிசு வாங்கிய அந்தப் படத்தில் அழுதுகொண்டிருந்தவர் கடலூரில் இருக்கிறார். ஃபோனில் பேசினேன். அழித்துவிடச் சொன்னார். அவர் லைனில் இருக்கும்போதே அழித்தேன். போட்டி நடத்தியவர்களுக்கும் எடுத்துவிடச் சொல்லி எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

இன்னொருவர் தன் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அப்போது 19 வயதாம். இப்போது சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறார். இந்தப் படம் வேண்டாம், கடை வாசலில் நிற்கிற மாதிரி ஒன்று எடுத்துக் கொடு, பெரிய அச்சாக வேண்டும், கீழே கடைப் பெயரும் வர வேண்டும் என்றார். காலை வெயில் எத்தனை மணிக்கு வாசலில் விழும் என்று கேட்டேன். எட்டரைக்கு வா என்றிருக்கிறார். ஞாயிறு போகிறேன்.